பூச்சி அரித்த சீன நூலுக்கு ஒட்டுப் போடுதல்: எந்தத் தாள், எந்தப் பசை, எந்த வரிசை

மேசையில் இருப்பது சிங் ஆட்சியின் பிற்பகுதியில் மரப்பலகை அச்சில் வெளிவந்த ஒரு சீன நூல். 62 இதழ்கள், நான்கு துளைத் தையல், மடித்த நிலையில் 24 × 15 செ.மீ. புழு துளைத்த ஓட்டைகள் முதல் இதழிலிருந்து கடைசி வரை இறங்கியிருக்கின்றன. பாதிக்கு மேற்பட்ட இதழ்கள் மடிப்பில் பிளந்து இரண்டாகிவிட்டன. கீழ் மூலையில் ஈரக்கறை. இவை மூன்றும் வழக்கமான சேதங்கள். நான்காவது மனிதக் கை செய்தது: முன்பு எப்போதோ யாரோ பெரிய ஓட்டைகளுக்குத் தடித்த வெள்ளைச் சுவான் தாளை (சீன ஓவியத்துக்கும் எழுத்துக்கும் பயன்படும் தாள்) கெட்டிப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டு இன்னும் உறுதியாக நிற்கிறது; அதைச் சுற்றி மூலத்தாள் பிறை வடிவில் கிழிந்திருக்கிறது.

காரணம் எளிது. இதழைப் புரட்டும்போது தாள் வளைய வேண்டும். தடித்த ஒட்டு வளையாது. வளைவு முழுவதும் ஒட்டின் விளிம்பில் போய்ச் சேரும்; அங்கே இருப்பது நூற்றாண்டு கடந்த மூங்கில் தாள். நூறு முறை புரட்டினால் அந்தக் கோட்டிலேயே அறுந்துவிடும். ஆகவே இந்த வேலையில் மற்ற எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று: ஒட்டுத்தாள் மூலத்தாளைவிடக் கொஞ்சம் மெலிந்ததாகவும் பலம் குறைந்ததாகவும் இருக்க வேண்டும். இழுவை வந்தால் ஒட்டு பிரியட்டும், மூலம் கிழியக் கூடாது. பிரிந்த ஒட்டை மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

இந்த வகை நூலின் கட்டமைப்பைச் சொல்லிவிட்டால் மீதி விளங்கும். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சு. அச்சு வெளியே தெரியும்படி நடுவில் மடிப்பார்கள். மடிப்பு வாசகரின் விரல் படும் வெளி ஓரத்தில் வரும். வெட்டுமுனைகள் இரண்டும் முதுகுப் பக்கம் போகும். மடிப்பின் மேலேயே நூற்பெயரும் இதழ் எண்ணும் அச்சாகியிருக்கும். முதுகுப் பக்கம் காகிதத் திரிகள் உடலைப் பிணைக்கும். அதன் மேல் அட்டைத்தாள் வைத்துப் பட்டு நூலால் தைப்பார்கள். விரல் ஓயாமல் படுவதால் மடிப்புதான் முதலில் பிளக்கும்.

தாளை அடையாளம் காண்பது

ஒட்டுத்தாளைத் தேடுவதற்கு முன் மூலத்தாள் என்னவென்று தெரிய வேண்டும். கண்ணும் விரலுமே பாதி வேலையை முடித்துவிடும். இதழை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தாள் எடுக்கும் மூங்கில் சிம்புத் தட்டியின் வரிகள் நெருக்கமாகத் தெரியும். அவற்றுக்குக் குறுக்கே, சிம்புகளைக் கட்டிய நூலின் தடம் அகன்ற இடைவெளியில் ஓடும். ஒரு சென்டிமீட்டரில் எத்தனை வரி, வரியின் போக்கு மேலிருந்து கீழா, பக்கவாட்டிலா என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஒட்டுப் போடும்போது இந்தப் போக்கு தேவைப்படும்.

அடுத்து, தானாக உதிர்ந்த ஒரு துணுக்கை ஈரப்படுத்தி இரு ஊசிகளால் பிரித்துப் பார்க்கலாம். மூங்கில் தாளின் கிழிமுனை குட்டையாக, மொட்டையாக இருக்கும். மரப்பட்டை நார்த் தாளில் நீண்ட இழைகள் இழுபட்டு வரும். முழு இதழை லேசாக அசைத்தால் மூங்கில் தாள் சலசலக்கும். நல்ல சுவான் தாள் ஓசையின்றி மடங்கும். வெற்று ஓரத்தில் ஊசிமுனை அளவு தண்ணீர் வைத்தால், படிகாரம் ஏற்றாத தாள் உடனே உறிஞ்சிக்கொள்ளும். படிகாரமும் வச்சிரமும் (விலங்குத் தோலில் காய்ச்சும் பசை) ஏற்றியதில் துளி உருண்டு நிற்கும்.

உறுதி செய்ய நுண்ணோக்கியும் அயோடின் சாயமும் வேண்டும். ஹெர்ஸ்பெர்க் சாயம் தயாரிக்க: 50 கிராம் துத்தநாகக் குளோரைடை 25 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கரைத்து ஆறவிடவும். இன்னொரு கலத்தில் 5.25 கிராம் பொட்டாசியம் அயோடைடும் 0.25 கிராம் அயோடினும் 12.5 மி.லி. நீரில் கரையட்டும். முதல் கரைசலில் 25 மி.லி. எடுத்து இரண்டாவதோடு கலந்து, ஓர் இரவு இருட்டில் வைத்துத் தெளிவை மட்டும் இறுத்துப் பழுப்புப் புட்டியில் வைத்துக்கொள்ளவும். துத்தநாகக் குளோரைடு தோலையும் கண்ணையும் அரிக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடக் கூடாது.

சாயத்தில் பட்டை நார்கள் ஒயின் சிவப்பாகும். வைக்கோல் நார் நீல ஊதா. சரியாக வேகாத மூங்கில் நார் மஞ்சள் அல்லது மஞ்சள் கலந்த பச்சை. அந்த மஞ்சள், நாரில் மிஞ்சிய லிக்னினின் (நாரை இறுக்கும் மரச்சத்து) அறிகுறி. வடிவமும் பேசும். மூங்கில் நார் நேராக, விறைப்பாக, சராசரியாக 2 மி.மீ. நீளத்தில் இருக்கும், பக்கத்தில் பீப்பாய் வடிவச் செல்களும் அகன்ற குழாய்த் துண்டுகளும் மிதக்கும். காகித முசுக்கட்டையின் நார் அதைப் போல மூன்று நான்கு மடங்கு நீளம். மேலே மெல்லிய ஒளிபுகும் உறை ஒன்று போர்த்தியிருக்கும். நெல் வைக்கோலைக் காட்டிக்கொடுப்பது ரம்பப் பல் விளிம்புள்ள மேல்தோல் செல்கள்.

இந்த நூலின் துணுக்கில் தெரிந்தது மூங்கில் மட்டுமே, அதுவும் மஞ்சள் தூக்கலாக. கனம் 0.07 மி.மீ. மாவ்பியன் என்று அழைக்கப்படும் வகையோடு பொருந்துகிறது. அதைவிட மெலிந்தது மாவ்தாய். இரண்டும் மிங், சிங் கால அச்சகங்களின் அன்றாடத் தாள்கள். மிங் பதிப்பாளர் மாவ் ஜின் (1599–1659) ஜியாங்சியிலிருந்து பெருமளவில் வரவழைத்தது இந்தத் தாளைத்தான் என்பது மரபு வழக்கு.

மூங்கில் தாள் ஏன் பழுக்கிறது என்பதற்கு விடை அதன் செய்முறையில் இருக்கிறது. 1637-இல் மிங் கால அறிஞர் சோங் யிங்சிங் எழுதிவைத்த முறைப்படி, இளமூங்கிலை வெட்டி 100 நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, அடித்துப் பச்சைத் தோலை நீக்கி, சுண்ணாம்போடு 8 நாள் இரவும் பகலும் வேகவைத்து, அலசி, சாம்பல் காரத்தில் திரும்பவும் வேகவைப்பார்கள். இத்தனை செய்தால் லிக்னின் பெரும்பகுதி வெளியேறும். மலிவுத் தாளுக்கு வேகும் நேரம் குறையும், வெயிலில் வெளுக்கும் படி அடியோடு விடுபடும். மிஞ்சிய லிக்னின் ஒளியிலும் காற்றிலும் பழுத்து, அமிலம் கூடி, நாரை முறிக்கும். இதே மூங்கிலை ஜியாங்சியின் யன்ஷான் வட்டத்தில் மலைச்சரிவில் பரப்பி மாதக்கணக்கில் வெளுத்தால் லியன்சி தாள் கிடைக்கிறது: வெண்மை, மென்மை, நீண்ட ஆயுள். மூங்கில் என்பதாலேயே ஒரு தாளைத் தாழ்வாக நினைப்பது தவறு, குறை வேகவைப்பில்தான்.

ஒட்டுத்தாள் தேர்வு

சீனத் தாள் என்றாலே சுவான் தாளைத்தான் கை தேடும். அன்ஹுய் மாகாணத்தின் ஜிங் வட்டத்தில் நீலச்சந்தன மரம் என்று சீனர்கள் அழைக்கும் மரத்தின் பட்டையையும் மணற்பாங்கான வயலின் நெல் வைக்கோலையும் கலந்து செய்வது. பட்டையும் வைக்கோலும் தனித்தனியாக வெந்து, மலைச்சரிவில் மழையிலும் வெயிலிலும் வெளுத்து, பிறகு கூழாகும். கிவிக்கொடியின் வழவழப்பான சாற்றைத் தொட்டியில் கலந்து தாள் எடுத்து, சூடேற்றிய சுவரில் தூரிகையால் ஒட்டி உலர்த்துவார்கள். 2009-இல் யுனெஸ்கோ இக்கலையைத் தன் பட்டியலில் சேர்த்தது. பட்டையின் பங்கு 40 சதவீதத்தை ஒட்டியிருந்தால் மியன்லியாவ், 60 என்றால் ஜிங்பி, 80 வந்தால் தெஜிங். பட்டை ஏற ஏறத் தாளின் பலமும் விலையும் ஏறும்.

ஓவியத்துக்கும் எழுத்துக்கும் அதற்கு இணை கிடையாது. ஆனால் மூங்கில் இதழின் ஓட்டைக்கு அது பொருந்தாது. ஈரம் பட்டால் சுவான் விரிவதும் உலர்ந்தால் சுருங்குவதும் மூங்கில் தாளின் அளவோடு ஒத்துப்போவதில்லை. ஒட்டைச் சுற்றிச் சுருக்கம் விழும். நிறமும் வெள்ளை. முந்தைய ஒட்டு காட்டிய சேதமே போதிய சான்று. இந்த வேலையில் சுவான் தாளுக்கு இடம் உண்டு, ஆனால் வேறு இடத்தில்: படிகாரம் ஏற்றாத பழைய சுவான் தாளைவிட நல்ல ஒற்றுத்தாள் கிடைப்பது அரிது.

ஆகவே ஓட்டைகளுக்கு மூங்கில் தாளே: 0.06 மி.மீ. கனம், நன்றாக வெந்து அமிலமின்றி இருப்பது. ஜெஜியாங்கின் ஃபுயாங், சிச்சுவானின் ஜியாஜியாங் ஆகிய இரு இடங்களின் மூங்கில் தாள் தொழிலும் 2006-இல் சீன அரசின் மரபுக்கலைப் பட்டியலில் ஏறியவை. இவ்வகைத் தாளைத் தேட அவையே சரியான ஊர்கள். வாங்கிய தாளின் மேல் அமிலத்தைக் காட்டும் ஈரமான பிஎச் பட்டையை வைத்துப் பார்க்க வேண்டும். 7-க்குக் கீழே இறங்கினால் ஒதுக்கிவிடலாம். குளோரின் வெளுப்புத் தூள் பயன்படுத்திய தாள் பளிச்சென்று கண்ணைக் கவரும். சில ஆண்டுகளில் நொறுங்கும்.

பிளந்த மடிப்புக்கு மட்டும் பட்டை நார்த் தாள். மடிப்பு ஒவ்வொரு புரட்டலிலும் வேலை செய்கிறது. குட்டை நார் அங்கே நிற்காது. ஆனால் நீண்ட நாரின் பலத்தை மெல்லிய கனத்தால் ஈடுகட்ட வேண்டும்: 0.03 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, அடியில் வைத்த எழுத்து தெளிவாகப் படிக்க வர வேண்டும். குய்சோ மாகாணத்தின் டான்சாய் வட்டத்து ஷிச்சியாவ் கிராமத்தில் காகித முசுக்கட்டைப் பட்டையில் செய்யும் மெல்லிய தாள் இதற்கு மிகவும் உகந்தது. பட்டை நாரின் முழுப் பலமும் தேவைப்படும் வேலைகள் வேறு. பெய்ஜிங் அரண்மனை நகரத்தின் ஜுவான்சின்சாய் மாளிகையில் சுவரும் கூரையுமாகப் பரந்த ஓவியங்களைப் புதுப்பித்தபோது (பணி 2008-இல் முடிந்தது) அன்ஹுயில் மறுபடி செய்யவைத்த முசுக்கட்டைத் தாள் பின்தாளாகப் போனது. அங்கே தாள் ஒரு பெரும் பரப்பின் எடையைத் தாங்குகிறது. இங்கே ஒரு ஓட்டையை நிரப்புகிறது. இரண்டுக்கும் ஒரே தாளைக் கேட்பதில் பொருளில்லை.

நிறம்: ஒட்டு மூலத்தைவிட ஒரு சாயல் வெளிறி இருப்பதே சரி. மூன்று நான்கு விதப் பழுப்பில் மூங்கில் தாள் கைவசம் இருந்தால் சாயமே தேவைப்படாது. தேயிலையும் கருவாலிக் கொட்டைக் கிண்ணமும் பழைய வழக்கம். இரண்டிலும் டானின் இருக்கிறது, அது தாளில் அமிலம் ஏற்றும். இரும்புப் பாத்திரத்தில் காய்ச்சினால் கருமையும் சேரும். வேறு வழியில்லையென்றால் காவிமண் நிறத்தோடு துளி மசியை நீரில் கரைத்து, தாளை முக்கி எடுத்து, நிழலில் உலர்த்தலாம். ஈரத்தில் நிறம் அடர்த்தியாகத் தெரியும்; முழுக்க உலர்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில்தான் ஒப்பிட வேண்டும்.

பசை

கோதுமை மாவை அப்படியே காய்ச்சிய பசையில் பசையம் (குளூட்டன்) இருக்கிறது. அது காலப்போக்கில் மஞ்சளாகி இறுகும், பூச்சியையும் அழைக்கும். மாவுச்சத்தைத் தனியே பிரிக்க வேண்டும். 500 கிராம் மைதாவை 280 மி.லி. அளவு தண்ணீர் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, ஈரத்துணி போர்த்தி ஒரு மணி நேரம் வைக்கவும். பிறகு அகன்ற பாத்திரத்துத் தண்ணீருக்குள் உருண்டையைக் கசக்கக் கசக்க வெண்ணீர் பிரியும், கையில் ரப்பர் போன்ற பசையம் மிஞ்சும். வெண்ணீரை மெல்லிய துணியில் வடிகட்டி ஓர் இரவு வைத்தால் மாவுச்சத்து அடியில் படியும். மேல்நீரைக் கொட்டிப் புதுநீர் விட்டுக் கலக்குவதை நான்கைந்து நாள் தொடர வேண்டும். கோடையில் நாளுக்கு இருமுறை. மேலே பழுப்புப் படலம் மிஞ்சினால் அதைச் சுரண்டி எறிந்துவிடவும், அதில் பசையம் கலந்திருக்கும். அடியில் உள்ள வெண்மையை நிழலில் உலர்த்தி வைத்தால் நெடுங்காலம் கெடாது.

காய்ச்சும் அளவு: 50 கிராம் உலர்ந்த மாவுச்சத்துக்கு 250 மி.லி. தண்ணீர். ஒரு மணி நேரம் ஊறவிட்டு, சிறு தீயில் மரக்கரண்டியால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். 60 பாகையைத் தாண்டியதும் சட்டென்று கெட்டியாகும். பலர் அங்கேயே இறக்கிவிடுகிறார்கள். அந்தப் பசை பாதி வெந்தது, உலர்ந்தபின் தூளாக உதிரும். வெள்ளை நிறம் மறைந்து கண்ணாடிச் சாயல் வரும்வரை இன்னும் 10 முதல் 15 நிமிடம் கிளற வேண்டும். இறக்கி, ஆடை படியாமல் மேலே தண்ணீர் ஊற்றி ஆறவைத்து, பிறகு அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு நுண்சல்லடையில் இருமுறை தேய்த்து இறக்கவும்.

தேவைப்படும் அன்றைக்கு, தேவைப்படும் அளவை மட்டும் நீர்க்க வைக்கவும். ஓட்டைகளுக்கு ஒரு பங்கு கெட்டிப் பசைக்கு நான்கு பங்கு தண்ணீர், மடிப்புக்கு ஐந்து. நீர்த்த பசை வடிகஞ்சியின் பதத்தில் தூரிகையிலிருந்து சொட்ட வேண்டும். பழைய கைவினைஞர்கள் பசையில் படிகாரம் சேர்த்தார்கள். கெடாமல் இருக்கும், ஆனால் படிகாரம் அமிலம், மூங்கில் தாளுக்கு எதிரி. சிச்சுவான் மிளகு நீர் சேர்க்கும் வழக்கமும் உண்டு; பசைக்கு நிறம் ஏறுவதால் இங்கே தவிர்க்கப்பட்டது. குளிர்பெட்டியில் கெட்டிப் பசை ஒரு வாரம் தாங்கும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடவும்.

பிரித்தல், சோதனை, ஈரக்கறை

முதலில் இதழ் எண்களைச் சரிபார்த்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். விட்டுப்போன இதழும் இடம் மாறிய இதழும் இப்போதே தெரிய வேண்டும். தையல் நூலைப் பல இடங்களில் வெட்டித் துண்டு துண்டாக எடுக்கவும். ஒரே இழையாக உருவினால் துளை கிழியும். காகிதத் திரிகளின் தலையை நறுக்கி, மறுபக்கமாக மெல்லத் தள்ளலாம். நூலும் திரியும் உறையில் போய்ச் சேரட்டும். இதழ்களை விரித்து, உட்பக்கம் படிந்த புழுக்கழிவை மென்தூரிகையால் முதுகிலிருந்து வெளிநோக்கித் துடைக்கவும். ஒட்டிக்கொண்டதைக் கூர்மழுங்கிய மூங்கில் சீவலால் சுரண்டலாம்.

தண்ணீர் படுமுன் ஒவ்வொரு நிறத்தையும் சோதிக்க வேண்டும். ஒரு துளி நீர், மேலே ஒற்றுத்தாள், ஒரு நிமிடம் விரல் அழுத்தம். மசி புகைக்கரியும் வச்சிரமும் கலந்தது, பெரும்பாலும் அசையாது. எண்ணெயில் குழைத்த சாதிலிங்கச் சிவப்பு முத்திரையும் பெரும்பாலும் நிற்கும். வாசகர் தூரிகையால் வைத்த சிவப்புப் புள்ளிகள் அப்படியல்ல. பிடிப்பு குறைந்தவை, கரைந்து பரவும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த செயற்கைச் சாய ஊதாவும் இளஞ்சிவப்பும் ஈரம் கண்டாலே ஓடும். சீரான மஞ்சள் நிறத்தாள் கையில் வந்தால் இன்னும் கவனம் தேவை: ஹுவாங்போ மரப்பட்டைச் சாயம் ஏற்றியதாக இருக்கலாம். பூச்சி அணுகாமல் இருக்க அக்காலத்தில் போட்டது. வடமேற்குச் சீனாவின் துன்ஹுவாங் குகையில் கிடைத்த, 868-ஆம் ஆண்டு தேதியிட்ட பௌத்த வச்சிரச் சூத்திர அச்சுச்சுருள் இப்படிச் சாயமேற்றிய தாளில் ஆனது. புறஊதா விளக்கில் அந்தச் சாயம் மஞ்சளாக ஒளிரும். அந்தத் தாளைக் கழுவினால் காப்பும் சாயத்தோடு போய்விடும்.

முந்தைய சுவான் ஒட்டுகளை எடுக்க, அதே அளவில் வெட்டிய ஈர ஒற்றுத்தாளை மேலே வைத்து, மேலொரு பிளாஸ்டிக் தாள் மூடி, 15 நிமிடம் காத்திருக்கவும். ஒட்டின் முனையைத் தூக்கி, இதழின் பரப்போடு படியும்படி பின்னோக்கி மடித்து இழுக்க வேண்டும்; மேல்நோக்கி இழுத்தால் மூலத்தின் நார் கூடவே வரும். விடாவிட்டால் இன்னொரு முறை ஈரம். ஈரம் பரவிக் கறைக்கோடு விழும் என்ற அச்சம் இருந்தால் தண்ணீருக்குப் பதில் மெத்தில் செல்லுலோஸ் கூழ் வைக்கலாம்.

கீழ்மூலைக் கறைக்கு: இரண்டு ஒற்றுத்தாள்களுக்கு நடுவே இதழை வைத்து, வெதுவெதுப்பான நீரை மென்தூரிகையால் கறையில் மட்டுமல்லாமல் இதழ் முழுவதும் ஏற்றி, அடியிலுள்ள தாள் மஞ்சளை உறிஞ்ச உறிஞ்ச மாற்ற வேண்டும். கறையில் மட்டும் நனைத்தால் அழுக்கு ஈரத்தின் எல்லைக்குப் போய்ப் புதிய கோடு போடும். கறை முழுக்கப் போகவில்லை என்பதற்காக வெளுப்பு மருந்தைத் தொடக் கூடாது. மஞ்சள் இறங்கியவரை போதும்.

மடிப்பு முதலில், ஓட்டை பிறகு

பிளந்த இரு பாதியும் முதலில் ஒரே தாளாக வேண்டும். அப்போதுதான் ஓட்டைக்கு ஒட்டுப் போடும்போது அச்சுக்கட்டம் நழுவாது. அச்சுப்பக்கம் கீழே இருக்கும்படி இதழை நெய்யா பாலியெஸ்டர் துணி விரித்த பலகையில் வைக்கவும். இரு பாதியின் கட்டக்கோடும் நடு எழுத்துகளும் நேர்ப்படச் சேர்த்து, முனைகள் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். மேலே ஏறினால் மடிக்கும்போது தடிப்பு. இடைவெளி விட்டால் இதழ் அகலம் கூடி, அடுக்கில் வெளியே நீட்டும். பட்டைத் தாளில் 1 செ.மீ. அகல நாடா, நாரின் போக்கு நீளவாக்கில். பிளவின் இருபுறமும் 4 மி.மீ. அளவுக்குப் பசை தடவி, நாடாவை ஒரு முனையில் பொருத்தி, மறுமுனையை இடக்கையில் இறுக்காமல் பிடித்துக்கொண்டே வலக்கையால் தடவி இறக்கவும். இறுக்கிப் பிடித்தால் உலரும்போது நாடா சுருங்கி இதழ் படகாக வளையும். மேலே ஒற்றுத்தாள் வைத்து உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தினால் போதும்.

இனி ஓட்டைகள். பெரியவை முதலில், சிறியவை பிறகு. பெரிய ஒட்டின் ஈரம் சுற்றியுள்ள பரப்பை அசைக்கும், அது அடங்கியபின் சிறியவற்றைத் தொட்டால் சுருக்கம் வராது. ஓட்டையின் விளிம்பில் 2 மி.மீ. அகலத்துக்கு மட்டும் பசை. மூங்கில் தாளின் பளபளப்பான பக்கம் கீழே வரும்படி, தட்டி வரிகள் மூலத்தின் வரிகளோடு ஒரே திசையில் ஓடும்படி வைக்கவும். வரி குறுக்கே போனால் விரிவும் சுருக்கமும் எதிரெதிர்த் திசையில் நடக்கும். அங்கே நிச்சயம் குமிழ் விழும். ஒற்றுத்தாளால் அழுத்தியதும், பசை ஊறிய எல்லை ஈரமாகத் தெரியும். அந்த எல்லையோடு இடக்கை விரலால் அமுக்கிக்கொண்டு மீதித் தாளைக் கிழித்தெடுக்கவும். கத்தரிக்கோல் கூடாது. கிழித்த விளிம்பு நார்நாராகப் படிந்து மூலத்தோடு கரையும். வெட்டிய விளிம்பு படிக்கட்டாக நிற்கும்.

ஒட்டு மூலத்தாளின் மேல் படியும் விளிம்பை, அதாவது மேல்படிவை, ஏன் இவ்வளவு குறைக்க வேண்டும் என்பதற்குக் கணக்கே சாட்சி. புழு மேலிருந்து கீழே நேராகத் துளைத்திருப்பதால் ஓட்டைகள் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கின்றன. 62 இதழ், மடிப்பின் இரு பாதியிலும் ஓட்டை, ஆக 124 ஒட்டுகள். ஒவ்வொன்றின் மேல்படிவும் 0.06 மி.மீ. கூட்டும், மொத்தம் 7.4 மி.மீ. நூலின் உடலே 8.7 மி.மீ.தான். ஓட்டையைச் சுற்றி மட்டும் நூல் ஏறத்தாழ இருமடங்கு தடிக்கும். அதனால் மேல்படிவின் அகலத்தை ஓர் இதழில் 1.5, அடுத்ததில் 2.5 மி.மீ. என மாற்றி மாற்றிப் போட்டு, மேடுகள் ஒரே கோட்டில் அடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊசிமுனை அளவு ஓட்டைகளை அப்படியே விட்டுவிடலாம். எழுத்தைக் கெடுக்காத, கிழிசலாக விரியாத துளை ஒட்டு கேட்பதில்லை.

ஓட்டையோடு போன எழுத்தையும் கட்டக்கோட்டையும் ஒட்டின் மேல் வரைந்து நிரப்புவது சில பட்டறைகளின் வழக்கம். இங்கே அதைச் செய்யவில்லை. அச்சு எது, பிற்காலக் கை எது என்று படிப்பவர் குழம்பக் கூடாது.

வழியில் வரும் கோளாறுகள் பெரும்பாலும் பசையிலிருந்தே வருகின்றன. ஒட்டு உலர்ந்தபின் அட்டையாக விறைத்தால் பசை கெட்டி. விளிம்பு தானாகப் பிரிந்தால் பசை அளவுக்கு மீறி நீர்த்தது, அல்லது பாதி வெந்தது. ஒட்டைச் சுற்றிப் பழுப்பு வளையம் வந்தால் தூரிகையில் ஈரம் அதிகம். உடனே இதழ் முழுவதும் நீர்த்தூவல் விட்டால் கோடு கரையும், உலர்ந்தபின் கரையாது. பலகையோடு ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் பின்புறத்திலிருந்து ஈரம் காட்டவும்.

சமன், மடிப்பு, தையல்

ஒட்டு உலர்ந்த இதழ் எப்படியும் அலைபாயும். நுண்தூவலால் மெல்ல ஈரமாக்கி, உலர்ந்த சுவான் தாள்களுக்கு இடையே ஐந்தைந்து இதழாக அடுக்கி, பலகையும் எடையும் வைக்கவும். முதல் முறை அரை மணியில் ஒற்றுத்தாளை மாற்ற வேண்டும், அடுத்து இரண்டு மணியில், பிறகு நாளுக்கு ஒருமுறை. முதல் மாற்றத்தைத் தள்ளிப்போட்டால் பூஞ்சை வரும். மூங்கில் தாளில் அதன் சாம்பல் புள்ளிகள் போகவே போகாது.

மடிப்பைப் பழைய கோட்டிலேயே மடிக்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்து நடு எழுத்துகளைப் பார்த்துக்கொள்ளலாம். பிறகு நான்கைந்து இதழாக வழவழப்பான கல்மேல் வைத்து, தட்டை முகச் சுத்தியலால் ஒட்டின் மேடுகளை மட்டும் செங்குத்தாகத் தட்டவும். சுத்தியல் சாய்ந்தால் அதன் விளிம்பு பிறைத் தழும்பு போடும். தட்டித் தட்டி மேடு பாதியாகக் குறைந்தாலே வெற்றி. முழுக்கச் சமமாக்க முயன்றால் மூங்கில் நார் நசுங்கி ஒளிபுகும் திட்டாகிவிடும்.

அடுக்கும்போது ஆதாரம் மடிப்பு ஓரமும் அச்சுக்கட்டத்தின் அடிக்கோடும். ஓரத்தைத் தாண்டி நீளும் ஒட்டை மட்டும் நறுக்க வேண்டும். மூலத்தாளின் ஓரத்தில் கத்தி படவே கூடாது. பட்டைத் தாளை 3 செ.மீ. அகலத்தில் கூம்பாக வெட்டி முறுக்கிய திரிகளைப் பழைய திரித்துளைகளிலேயே கோத்து, முனையைத் தட்டிச் சப்பையாக்கிவிடலாம். புதுத்துளை போடும் ஆசை வேண்டாம்; ஒவ்வொரு பழுதுபார்ப்பும் புதுத்துளை போட்டால் முதுகு சல்லடையாகும். தையலுக்கு இரட்டைப் பட்டு இழை, நூல் உயரத்தின் ஏழு மடங்கு நீளம். கீழிருந்து இரண்டாம் துளையில் இதழ்களுக்கு நடுவிலிருந்து தொடங்கினால் முடிச்சு உள்ளே மறையும். துளைக்குத் துளை முதுகைச் சுற்றி, தலைமுனையைச் சுற்றி, விட்ட இடைவெளிகளை நிரப்பியபடி திரும்பி, கீழ்முனையையும் சுற்றித் தொடங்கிய துளைக்கே வர வேண்டும். இரு இழையும் முறுக்காமல் பக்கம் பக்கமாகப் படிவதைப் பார்த்துக்கொள்ளவும். மூலைக்குப் பட்டுத்துணி ஒட்டுவது அழகுதான். அதற்கடியில் உள்ள பசையைத் தேடிப் பூச்சி வரும் என்பதால் விட்டுவிட்டோம்.

அட்டையின் உட்புறம் ஆரஞ்சு நிறத் தாள் இருக்கும் நூல்கள் அவ்வப்போது கைக்கு வரும். குவாங்டோங்கில் மிங், சிங் காலத்தில் ஈயச்செந்தூரம் பூசிச் செய்த வான்நியன்ஹோங் தாள் அது. ஈயம் நஞ்சு, புழு அதைக் கடப்பது அரிது, பக்கத்து இதழ்கள் பெரும்பாலும் தப்பியிருக்கும். அந்தத் தாளை ஈரப்படுத்தக் கூடாது, கையுறையோடு எடுத்து உலர்ந்த நிலையில் பழைய இடத்திலேயே வைக்க வேண்டும், உதிரும் தூளை ஊதக் கூடாது. இந்த நூலில் அது இல்லை. புதிய முகப்புத்தாளாக லியன்சி வைத்தாயிற்று. பயன்படுத்திய மூன்று தாள்களிலும் விரலகலத் துண்டு, பசையின் விகிதம், நாடா போட்ட இதழ்களின் எண்கள், எடுத்த பழைய நூலும் திரியும் எல்லாம் அமிலமற்ற உறையில் நூலோடு சேர்ந்து பெட்டிக்குள் போகின்றன. ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதம்.